எம்டிபிஇ கலந்த கிணறு: கரியா, காற்றா, வேறு நீரா?

ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் ஒரு வரி கண்ணில் படுகிறது: எம்டிபிஇ, லிட்டருக்கு 38 மைக்ரோகிராம். பெட்ரோலில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் அது, ஒழுகிய பெட்ரோலோடு கிணற்று நீருக்குள் வந்திருக்கிறது. சிறிய குடிநீர்ச் சங்கத்தை நடத்துபவர்களானாலும் சரி, சொந்தக் கிணறு வைத்திருக்கும் குடும்பமானாலும் சரி, உடனே கேட்பது ஒன்றுதான்: எந்த ஃபில்டர் போடலாம்? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பொருளைப் பொறுத்தவரை அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதல் இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஃபில்டர் வாங்கினால், பணம் போன பிறகும் அதே நீர் குழாயில் வரலாம்.

முதல் கேள்வி, பெட்ரோல் கசிவு நின்றுவிட்டதா என்பது. இரண்டாவது, எம்டிபிஇ சிதைந்து உண்டாகும் டிபிஏ நீரில் இருக்கிறதா என்பது. எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஃபில்டரின் விலையைவிட இந்த இரண்டு பதில்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்ல, இந்தப் பொருள் மண்ணுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுக்கத் தொடங்கியபோது, ஆக்டேன் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ள அமெரிக்காவில் 1979 முதல் எம்டிபிஇ சேர்த்தார்கள். 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, புகை மோசமாக இருந்த நகரங்களில் ஆக்சிஜன் கலந்த பெட்ரோல்தான் விற்க வேண்டும் என்று ஆனது. 1992-இல் குளிர்காலப் பெட்ரோலிலும், 1995-இல் புகை குறைவாக வருமாறு மறுசீரமைத்த பெட்ரோலிலும் அது நடைமுறைக்கு வந்தது. பல இடங்களில் பெட்ரோலின் கன அளவில் ஏறக்குறைய 11 சதவீதம் எம்டிபிஇ. அது போய்த் தங்கியது பெட்ரோல் பங்குகளுக்கு அடியில் புதைந்திருந்த தொட்டிகளில். அவற்றில் நிறைய ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தன.

பெட்ரோல் ஒழுகுவது அதற்கு முன்பும் நடந்ததுதான். அப்போது எல்லோரும் பயந்தது பெட்ரோலில் உள்ள பென்சீனுக்கு. பென்சீன் கொடியது, புற்றுநோய் தருவது. ஆனாலும் மண்ணில் ஓரளவு ஒட்டிக்கொள்ளும், நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும், அதனால் பெரும்பாலும் பங்கிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தேங்கிவிடும். எம்டிபிஇ அப்படி இல்லை. ஒரு லிட்டர் நீரில் பென்சீன் இரண்டு கிராம்கூடக் கரையாது. சுத்தமான எம்டிபிஇ 50 கிராம் அளவுக்குக் கரையும். மண்ணில் ஒட்டுவதே இல்லை என்று சொல்லலாம். நிலத்தடி நீர் எவ்வளவு வேகமாக நகர்கிறதோ ஏறக்குறைய அதே வேகத்தில் கூடவே போகும். நுண்ணுயிர்களும் அதை எளிதில் தொடுவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் பாச்சோக்கில் ஒரு பங்கிலிருந்து கிளம்பிய மாசு ஒரு மைலுக்கும் மேல் போயிருந்தது. மேலிருந்து இறங்கும் மழைநீர் அதைக் கீழே அழுத்த, போகப் போக ஆழத்துக்கும் இறங்கியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் கண்காணிப்புக் கிணற்றை மேலாகத் தோண்டிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. தாள் சுத்தமாக வரும், மாசு காலுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்.

அளவையும் பாருங்கள். எம்டிபிஇ கலந்த ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 80 கிராம் எம்டிபிஇ இருக்கும். கலிஃபோர்னியா மணம், சுவைக்காக வைத்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், அந்த ஒரு லிட்டர் பெட்ரோல் 1.6 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். மெய்ன் மாநிலத்தின் ஸ்டாண்டிஷில் தொட்டி எதுவும் உடையவில்லை. ஒரு கார் விபத்தில் கொட்டிய பெட்ரோல், அவ்வளவுதான். சுற்றியிருந்த 24 வீட்டுக் கிணறுகளில் எம்டிபிஇ தெரிந்தது.

இது உடலுக்கு என்ன செய்யும்? பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பது அதன் பொருள். விலங்குகளில் மிக அதிக அளவு கொடுத்தபோது கட்டிகள் வந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-இல் 20 முதல் 40 மைக்ரோகிராம் என்று ஒரு ஆலோசனை அளவைச் சொன்னது. அதுவும் மணம், சுவையை வைத்துத்தான். கலிஃபோர்னியா உடல்நலத்துக்காக 13 மைக்ரோகிராம் என்று தனி வரம்பு வைத்தது. டர்பன்டைன் மாதிரி ஒரு வாடை, குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும். அந்த நீரைக் குழந்தைக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. நச்சியல் வாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாடை அடிக்கும் நீர் குடிநீர் ஆகாது.

இப்போது டிபிஏ. எம்டிபிஇ பாதி சிதைந்து மாறும் ஆல்கஹால் அது. சில சமயம் எம்டிபிஇ-யோடு கலப்படமாகவே வந்திருக்கும். நீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும். கரியில் ஒட்டாது, காற்றை ஊதினாலும் எளிதில் வெளியே போகாது. எம்டிபிஇ-யை நீக்க நீங்கள் லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அமைப்பை டிபிஏ சாவகாசமாகத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடும். வழக்கமான பெட்ரோல் சோதனைப் பட்டியலில் அதன் பெயர் இல்லாமலும் இருக்கலாம். கேட்டு வாங்க வேண்டும்.

சாம்பிள் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 40 மில்லி கண்ணாடிக் குப்பி. குழாயை மெல்லிய நீரோட்டத்தில் வைத்து, குப்பியைச் சாய்த்து, விளிம்பில் நீர் குமிழாக எழும்பும் வரை நிரப்ப வேண்டும். மூடியைத் திருகிவிட்டுக் குப்பியைக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். உள்ளே ஒரு பட்டாணி அளவு காற்றுக்குமிழி மேலே ஓடினால் அந்தச் சாம்பிளை நம்ப முடியாது. எம்டிபிஇ அந்தக் காற்றுக்குள் போய்விடும். நீர் கெடாமலிருக்கக் குப்பியில் அமிலம் போட்டுக் கொடுப்பார்கள். அமிலம் இருக்கும் நீரை ஆய்வகம் சூடாக்கிச் சோதித்தால் எம்டிபிஇ-யில் ஒரு பகுதி அங்கேயே டிபிஏ-வாக உடையும். இல்லாத டிபிஏ தாளில் தோன்றிவிடும். ஆகவே டிபிஏ அளவு எதிர்பாராமல் அதிகமாக வந்தால், எப்படிப் பதப்படுத்தினார்கள், சூடாக்கினார்களா என்று ஆய்வகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு எண்ணை நம்பித்தான் மேலே எல்லா முடிவும் எடுக்கப் போகிறீர்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, அந்தக் கிணற்றை விட்டுவிட்டு வேறு நீர். சாண்டா மோனிக்கா நகரம் 1996-இல் இதைத்தான் செய்தது. சார்னாக், ஆர்கேடியா கிணற்றுப் பகுதிகளில் எம்டிபிஇ வந்ததால் நகரின் குடிநீரில் ஏறக்குறைய பாதி போயிற்று. சார்னாக்கில் 600 மைக்ரோகிராமைத் தாண்டிய அளவுகூடப் பதிவானது. வெளியிலிருந்து நீரை விலைக்கு வாங்கினார்கள். கரித் தொட்டிகள் வைத்த புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டிச் சார்னாக் நீரை மறுபடி குழாயில் விட ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. ரோட் ஐலண்டின் பாஸ்கோக் சிறிய ஊர். 2001-இல் அதன் கிணறு கெட்டபோது பக்கத்து ஹாரிஸ்வில்லிலிருந்து குழாய் இழுத்து நீர் வாங்கினார்கள்.

பக்கத்தில் நல்ல நீர் இருந்து, குழாய் இழுக்க முடியும் என்றால் என் முதல் தேர்வு இதுதான். கரி தீர்ந்ததா, ஊதுவிசிறி ஓடுகிறதா என்று தினமும் கவலைப்பட வேண்டாம். டிபிஏ-வும் ஒரே அடியில் போய்விடும். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பம்பு இத்தனை நாளும் மாசை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. பம்பை நிறுத்தினால் அது நிலத்தடி நீரின் இயல்பான ஓட்டத்தோடு கிளம்பி, கீழ்ப்பக்கம் இருப்பவர் கிணற்றுக்குப் போகும். புதுக் கிணற்றை இருநூறு அடி தள்ளித் தோண்டினால், அந்தப் புதுப் பம்பே கொஞ்ச நாளில் மாசைத் தன் பக்கம் இழுக்கலாம். ஆழமாகத் தோண்டுவதும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. உறைக்குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே சிமென்ட் சரியாக அடைக்காத கிணறு, மேலே இருக்கும் மாசு கீழே நீர் தங்கியிருக்கும் மண்ணடுக்குக்கு இறங்கப் பாதை போட்டுக் கொடுக்கும். கிணற்றை மூடுவதானால் மாசு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்த பிறகு மூடுங்கள். கீழ்ப்பக்கத்தாருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். சிறிய அளவுக்கு இதுதான் பெரும்பாலும் பொருந்தும். இதில்தான் ஏமாறுவதும் அதிகம்.

ஒரு உதாரணம். நூறு, நூற்றைம்பது வீடுகளுக்கான கிணறு, நிமிடத்துக்கு 100 லிட்டர், எம்டிபிஇ 100 மைக்ரோகிராம். ஒரு நாள் முழுக்க ஓடினால் நீரோடு வரும் எம்டிபிஇ மொத்தம் 14.4 கிராம். ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்றுக் கூட. அந்த ஒரு கரண்டியைப் பிடிக்க, நீர் கரிக்குள் 15 நிமிடமாவது இருக்க வேண்டும் என்று வைத்தால், 1,500 லிட்டர் கொள்ளளவுக்குக் கரி வேண்டும். ஏறக்குறைய 700 கிலோ. அதுவும் ஒரு தொட்டிக்கு. கரிக்கு எம்டிபிஇ மேல் பிடிப்பு குறைவு. நீரில் இயற்கையாக இருக்கும் கரிமப் பொருட்களும், கூட வரும் பென்சீன், டொலுவீன் போன்ற பெட்ரோல் பொருட்களும் கரியில் முந்தி இடம் பிடித்துவிடும். அதைவிட மோசம், பிறகு வரும் பென்சீன் ஏற்கெனவே ஒட்டியிருந்த எம்டிபிஇ-யைத் தள்ளிவிட்டு உட்காரும். அப்போது தொட்டிக்குள் போகும் நீரைவிட வெளியே வரும் நீரில் எம்டிபிஇ அதிகமாக இருப்பதும் நடக்கும்.

அதனால்தான் இரண்டு தொட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் சாம்பிள் எடுக்க ஒரு சின்னக் குழாய். முழு அமைப்பிலும் முக்கியமான பாகம் எது என்று கேட்டால் விரற்கடை அளவுள்ள அந்தப் பித்தளைக் குழாயைத்தான் காட்டுவேன். மாதா மாதம் அங்கே சாம்பிள் எடுக்க வேண்டும். முதல் தொட்டியைத் தாண்டி எம்டிபிஇ எட்டிப் பார்த்ததும், அதிலுள்ள கரியை மாற்றி, இரண்டாவதை முன்னால் கொண்டுவந்து, புதுக் கரியைப் பின்னால் வைக்க வேண்டும். கடைசிக் குழாயில் வாடை வரும் வரை காத்திருப்பது சோதனை ஆகாது. தேங்காய்ச் சிரட்டைக் கரி நிலக்கரியிலிருந்து செய்ததைவிட எம்டிபிஇ-க்குப் பொதுவாக நன்றாக வேலை செய்யும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் அதைக் கேளுங்கள்.

தனி வீட்டுக்கும் இதே ஏற்பாடு, சிறிய அளவில். ஆனால் வீட்டுக்குள் நீர் நுழையும் இடத்தில் வைக்க வேண்டும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மாட்டும் சின்ன ஃபில்டரும், ஊற்றிக் குடிக்கும் ஜாடி ஃபில்டரும் இந்த வேலைக்குப் போதாது. எம்டிபிஇ எளிதில் ஆவியாகும். வெந்நீரில் ஷவர் திறந்து பத்து நிமிடம் நின்றால் அது குளியலறைக் காற்றில் கலந்து மூச்சோடு போகும். கொதிக்க வைத்துக் குடிக்கலாமே என்று கேட்கிறார்கள். எம்டிபிஇ-யின் கொதிநிலை 55 டிகிரிதான், நீரிலிருந்து வெளியேறும் என்பது உண்மை. வெளியேறிப் போகும் இடம் உங்கள் சமையலறைக் காற்று. டிபிஏ-வோ நீரிலேயே தங்கிவிடும். தயவுசெய்து இதை ஒரு வழியாக எண்ண வேண்டாம்.

மூன்றாவது வழி காற்று. உயரமான கோபுரத்தில் மேலிருந்து நீர் தூவலாக இறங்க, கீழிருந்து விசிறி காற்றை ஊதும். பென்சீனுக்கு அருமையான முறை. ஒரு பங்கு நீருக்கு நாற்பது, ஐம்பது பங்கு காற்று இருந்தால் போதும். எம்டிபிஇ நீரைவிட்டுப் பென்சீன் அளவுக்கு லேசில் பிரியாது. 150, 200 பங்கு காற்று, சில இடங்களில் அதற்கும் மேல். நம் உதாரணக் கிணற்றுக்கு 150 பங்கு என்று வைத்தாலே நிமிடத்துக்கு 15,000 லிட்டர் காற்று. நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கடினம். கன்சாஸ் மாநிலத்தின் லா கிராஸ் என்ற சிற்றூர் இந்தக் கோபுரங்களை வைத்தே தன் குடிநீரைச் சுத்தம் செய்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. அளவு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமில் இருந்து, நீரோட்டமும் பெரிதாக இருந்தால் கரியைவிட இது மலிவாக முடியும், ஏனென்றால் காற்று தீர்ந்துபோவதில்லை. ஆனால் வெளியேறும் காற்றில் எம்டிபிஇ இருக்கும். அக்கம்பக்கம் வீடுகள் இருந்தால் அந்தக் காற்றையும் கரி வழியாகவோ சூடாக்கி எரித்தோ விட வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்காத விலைப்புள்ளியை ஒப்பீட்டுக்கே எடுக்காதீர்கள். பழைய பென்சீன் கோபுரம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வரும். விசிறி போதாது.

நான்காவது, ஓசோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த முறை, அல்லது புற ஊதா ஒளியும் பெராக்சைடும். கரியும் காற்றும் எம்டிபிஇ-யை இடம் மாற்றுகின்றன. இது அதை உடைக்கிறது, டிபிஏ-வையும் சேர்த்து. டிபிஏ அதிகமுள்ள பெரிய நீர்நிலையங்களுக்கு இதுதான் சரியான திசை. ஆனால் அரைகுறையாக உடைந்தால் எம்டிபிஇ-யே டிபிஏ-வாகவும், அசிட்டோன், ஃபார்மால்டிஹைடாகவும் நின்றுவிடும். நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும். புரோமேட்டுக்கு அமெரிக்க வரம்பு 10 மைக்ரோகிராம். பயிற்சி பெற்ற ஆள் எப்போதும் கூடவே இருக்க வேண்டிய முறை இது. பத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் சங்கம் இதைத் தொட வேண்டாம் என்பேன்.

ஆர்ஓ பற்றியும் கேட்பீர்கள். உப்புக்கு அது நல்லது. எம்டிபிஇ சின்ன மூலக்கூறு, மின்னேற்றம் இல்லாதது. சவ்வு அதை முழுக்கத் தடுக்காது. சாண்டா மோனிக்காவில் ஆர்ஓ வைத்ததும் நீரின் கடினத்தன்மைக்காகத்தான், எம்டிபிஇ-யைக் கரிதான் பிடிக்கிறது.

கடைசியாக நுண்ணுயிர். எம்டிபிஇ-யை எதுவுமே தின்னாது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிறகு பிஎம்1 என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள், எம்டிபிஇ-யையே உணவாக வைத்து வளர்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும், பெட்ரோல் ஒழுகிய மண்ணில் ஆக்சிஜன்தான் முதலில் தீர்ந்துபோகும். குடிநீர்க் குழாய்க்கு நேராக இதை நம்புவதற்கு நான் தயங்குவேன். மாசு நகரும் பாதையில் வைப்பதற்கு இது நல்ல முறை. கலிஃபோர்னியாவின் போர்ட் ஹுவனீமி கடற்படைத் தளத்தில் 500 அடி அகலத்துக்கு மண்ணுக்குள் ஆக்சிஜன் செலுத்தி ஒரு உயிர்வேலியே போட்டார்கள். மாசு நீர் அந்த வேலியைக் கடக்கும்போதே சிதைந்தது. டிபிஏ-வையும் இது விட்டுவைப்பதில்லை.

இங்கே முதல் கேள்வி திரும்ப வருகிறது. தொட்டி இன்னும் ஒழுகுகிறதென்றால், அல்லது பெட்ரோல் ஊறிய மண் அப்படியே கிடக்கிறதென்றால், கிணற்றுக்கு நீங்கள் போடும் எந்த அமைப்புக்கும் முடிவுத் தேதியே கிடையாது. மண்ணை அள்ளுவதும், மண்ணிடுக்கில் உள்ள ஆவியை உறிஞ்சி எடுப்பதும் எம்டிபிஇ நீருக்குள் இறங்குவதற்கு முன் நடந்தால்தான் பயன் பெரிது. இறங்கிவிட்டால் பம்பு வைத்து இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அது ஆண்டுக்கணக்கு.

யார் பணம் கொடுப்பது என்பதும் தேர்வை மாற்றும். தெற்கு டாஹோவின் நீர் வாரியம் பன்னிரண்டுக்கும் குறையாத கிணறுகளை மூட வேண்டியிருந்தது. எண்ணெய் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டு மொத்தம் 6.9 கோடி டாலர் இழப்பீடு பெற்றது. நியூ ஹாம்ப்ஷயர் வழக்கில் 2013-இல் ஜூரி எக்ஸான் மொபில் நிறுவனத்துக்கு விதித்தது 23.6 கோடி டாலர். 2005-இல் எரிசக்திச் சட்டம் ஆக்சிஜன் கலப்புக் கட்டாயத்தை நீக்கியது. உற்பத்தியாளர்கள் கேட்ட சட்டப் பாதுகாப்பு அதில் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் எம்டிபிஇ-யைக் கைவிட்டன. முதல் நாளிலிருந்து ஒவ்வொரு சோதனைத் தாளையும், தேதியையும், செலவு ரசீதையும் ஒரு கோப்பில் வையுங்கள். பின்னால் உங்கள் கையில் இருக்கப்போகும் ஆதாரம் அதுதான்.

ஆக, நான் முடிவெடுக்க வேண்டியிருந்தால் இப்படிப் போவேன். பக்கத்து ஊர் நீர் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால், டிபிஏ இல்லை, எம்டிபிஇ-யும் நூற்றுக்குள் என்றால் இரட்டைக் கரித் தொட்டி. எம்டிபிஇ நூற்றுக்கணக்கில், நீரோட்டமும் பெரிது என்றால் காற்றுக் கோபுரம், அதன் பின்னால் ஒரு காவலுக்குக் கரி. டிபிஏ கணிசமாக இருந்தால் கரியையும் காற்றையும் மறந்துவிட்டு, வேறு நீருக்கு எவ்வளவு செலவானாலும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அதற்கும் வழியில்லாத பெரிய நிலையம் மட்டும் ஓசோன்–பெராக்சைடுக்குப் போகட்டும்.

கரி என்று முடிவானால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள். நடுக் குழாய்ச் சாம்பிளை எத்தனை நாளுக்கு ஒருமுறை யார் எடுப்பார்கள், அதில் டிபிஏ சேர்ந்திருக்கிறதா, எந்த எண் வந்தால் எத்தனை நாளுக்குள் கரி மாற்றுவார்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் தாளைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.